முற்றுப்பெறாத விளையாட்டும் முன்னேற்ற அறிக்கையும்

கணினியில் ஆடுதற்கென இயற்றப்பட்ட ஒரு விளையாட்டைப் பிறிதொரு கருவிக்கு, அஃதாவது தொலைக்காட்சியோடு பிணைக்கும் ஆட்டப் பெட்டிக்கோ கைபேசிக்கோ, மாற்றியமைத்தலை இக்காலத்தார் ‘போர்ட்’ செய்தல் என்பர். அம்மாற்றம் நிறைவேறு முன்னரே பொதுமக்கள் கையிற் கொடுத்து ஆடிப்பார்க்கச் செய்தலைப் ‘பீட்டா’ சோதனை என்பர். இவ்விரு சொற்களும் நம் மாணவர் நாவிற் பழகியனவே. ஆசிரியர் சிலர்க்கும் பழைய மாணவர்க்கும் புதியனவாதல் கூடுமாகலின் முதற்கண் விளக்கலாயிற்று. இவ்வாறு சோதித்து உதவுவோர்க்குச் சோதனையின் முன்னேற்றத்தை எழுத்தால் அறிவித்தலைச் சிலர் உபசாரம் எனக் கருதுகின்றனர். அதனைக் கடன் என்றே யான் கொள்கிறேன்.

திருப்பூரைச் சூழ்ந்து வாழ்வார்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும். நம் பனியன் கம்பெனிகளில் சாம்பிள் அனுப்பாமல் ஏற்றுமதி ஆர்டரைத் தைக்கப் புகுவார் இலர். உடற்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒன்று, எல்லா அளவுகளுக்குமாக ஒரு தொகுதி, மொத்தத் தையலுக்கு முன் இறுதியாக ஒன்று எனச் சாம்பிள்கள் கடல் கடந்து செல்கின்றன. சாயத்திற்கும் சிறு துணித்துண்டை நனைத்து நிறங்காட்டி ஒப்புதல் பெறுகின்றனர். போன சாம்பிளுக்கு வாளா விடை வருவதில்லை. கழுத்துப்பட்டி அகன்றுளது, தோள் தையல் சுருங்குகிறது, துவைத்தபின் நீளம் குறைகிறது என்று வாங்குவோர் வரிவரியாக எழுதிவிடுகின்றனர். அதற்கு மறுமொழியாக இன்னது திருத்தினோம், இன்னது இத்துணியில் இயலாது என்று மெர்ச்சண்டைசர் எழுதுகிறார். இம்மடல்கள் நின்றுபோயின் கட்டிங் மேசையில் கத்தரி நகராது.

விளையாட்டைக் கருவி மாற்றுதலும் ஏறக்குறைய இத்தகையதே. சிங்கிள் ஜெர்சித் துணிக்கு வரைந்த அளவை ரிப் துணியின் மேல் அவ்வாறே வைத்து வெட்டினால் ஆடை பொருந்தாது. இரண்டும் பருத்தி நூலேயாயினும் இழுவை வேறு. அவ்வாறே கணினியில் மௌஸும் விசைப்பலகையும் கொண்டு நுண்ணிதாகக் குறிபார்த்த ஒருவன், கைபேசிக் கண்ணாடியில் இரு கட்டை விரல்களால் அதனைச் செய்யவேண்டும். அவ்விரல்களே காட்சியின் ஒரு பகுதியை மறைத்துவிடும். எங்கே பிடிக்கிறது, எங்கே தளர்கிறது என்பது பலவகைக் கைபேசிகளில் பலர் ஆடிப்பார்த்தாலன்றித் தெரியவராது.

எடுத்துக்காட்டாகப் ‘பப்ஜி’ என்று நம்மூர்ச் சிறுவரும் சுருக்கி வழங்கும் விளையாட்டைக் கொள்வோம். நூறுபேர் வானூர்தியினின்று ஒரு தீவிற் குதித்து, கிடைத்த படைக்கலங்களை எடுத்துக்கொண்டு, ஒருவரோ ஒரு குழுவோ எஞ்சும்வரை பொருதலே அதன் ஆட்டமுறை. அயர்லாந்து நாட்டவராகிய பிரெண்டன் கிரீன் வகுத்த திட்டப்படி தென்கொரிய நிறுவனம் ஒன்று இயற்றிய அதனை, 2017 மார்ச் 23இல், முற்றுப்பெறாதது என்று வெளிப்படையாகக் கூறியே கணினிக்கு விற்கத் தொடங்கினர். ஆறு திங்களில் முடிப்போம் என்று முதலில் எண்ணினர், முடியவில்லை. ஆயின், தவணை தீருமுன்னரே, அவ்வாண்டு ஜூலையில், குறித்த காலத்தில் முடியாதென்றும் ஆண்டிறுதி ஆகுமென்றும் அறிவித்து, டிசம்பரில் முடித்தனர். இடையில் திருத்தந்தோறும் மாறியவற்றைப் பட்டியலிட்டனர். சுவரேறிக் குதிக்கும் செயலைத் தனியே ஒரு சோதனைக் களத்தில் விட்டுப் பார்த்த பின்னரே அனைவர்க்கும் கொடுத்தனர். தவணை தப்பும் என்று முன்கூட்டியே சொன்ன அவ்வறிக்கையை யான் பெரிதும் மதிக்கிறேன். ஷிப்மென்ட் நாள் தப்புமென அறிந்தும் இறுதிவரை வாய்திறவாதார் விளைக்கும் தொல்லையை இவ்வூரார்க்கு எடுத்துரைத்தல் வேண்டா.

அதே டிசம்பர் 12இல், எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் ஆட்டப் பெட்டிக்கு அவ்விளையாட்டின் போர்ட் வந்தது. அதுவும் முற்றுப்பெறாததே, விலையோ முப்பது டாலர். தொடக்கத்தில் அதன் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. காட்சிகள் திணறின. கட்டடங்கள் களிமண் உருண்டைகள்போல் தோன்றிச் சிறிது கழித்தே கதவும் சாளரமும் பெற்றன. கணினிக்கு வகுத்த பொருள்தேர் பட்டியலை ஆட்டப்பெட்டியின் கைப்பிடி கொண்டு இயக்குதல் பெருந்தொல்லையாயிற்று. பின்னர் இனிச் செய்யவிருப்பன இவையெனத் திட்டக்குறிப்பு வெளியிட்டு, அப்பெட்டிக்கும் சோதனைக் களம் அமைத்து, மிராமர் என்னும் பாலைநிலக் களத்தை முதலில் அங்கே விட்டுப் பார்த்தனர். முழுமையுற்றதென அறிவித்தது 2018 செப்டம்பர் 4இல். ஏறத்தாழ ஒன்பது திங்கள் பணங்கொடுத்தோரே சோதனையாளராகவும் இருந்தனர் என்பதை நோக்குக. நம் ஊரில் சாம்பிளுக்கு விலைகேட்பார் உளர். சாம்பிளை அணிந்து பார்த்துக் குறை சொல்லவும் விலைகொடுப்பார் இரார்.

நிற்க. நம் நாட்டிற் கைபேசிகளில் நிகழ்ந்ததைக் காண்போம். 2018 மார்ச்சில் உலகெங்கும் வெளிவந்த கைபேசிப் பப்ஜியை, 2020 செப்டம்பர் 2இல் இந்திய அரசு வேறு பல செயலிகளோடு சேர்த்து, 118 என்னும் தொகையில் தடைசெய்தது. கிராப்டன் நிறுவனம் இந்தியாவுக்கெனப் பிறிதொரு பதிப்பை அமைத்து, ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ எனப் பெயரிட்டு, 2021 ஜூன் 17இல் ஆண்ட்ராய்டு கைபேசிகளிற் சோதனைக்கு விட்டது. ஜூலை 2இல் முறையாக வெளியிட்டது. ஐபோனுக்கு அது வந்தது ஆகஸ்ட் 18இல். 2022 ஜூலை 28இல் அதுவும் செயலிக் கடைகளினின்று நீக்கப்பட்டது. 2023 மே 19இல், அந்நாளில் மின்னணுவியல் துறை இணையமைச்சராயிருந்த ராஜீவ் சந்திரசேகர், மூன்று மாதச் சோதனைக்கென அனுமதி தரப்பட்டதென்றும், ஆடுவோர்க்கு நேரும் தீங்கும் அடிமைத்தனமும் அக்காலத்தில் உற்றுநோக்கப்படும் என்றும், அதன் பின்னரே இறுதி முடிவு என்றும் அறிவித்தார். பதினெட்டு ஆண்டு நிரம்பாதார் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், ஏனையோர் ஆறு மணி நேரம் என வரையறையும் விதிக்கப்பட்டது.

இம்மூன்று மாதச் சோதனையே என் கருத்தைப் பெரிதும் கவர்வது. முன்னையவற்றில் சோதிக்கப்பட்டது விளையாட்டு; இதிலோ ஆடுவோரும் சோதனைப் பொருளாயினர். காட்சி திணறுகிறதா என்பதை ஆடுபவன் சொல்லிவிடலாம். தான் அடிமையாயினானா என்பதை அவன் தானே சொல்லுதல் அரிது. அதனைக் காண்போர் தாயும், விடுதிக் காப்பாளரும், இரவு ஷிப்டு முடிந்து அறைக்கு வந்தும் உறங்காத இளைஞன் மறுநாள் பவர் டேபிளின் முன் கண்சொருகுவதைக் காணும் சூப்பர்வைசருமே. இத்தகைய சோதனையில் அவர்களைக் கேட்டல் வேண்டும். கேட்டபின் மூன்று மாத முடிவிற் கண்டதைத் தமிழ் முதலாய நாட்டு மொழிகளில் ஒரு பக்க அளவிலேனும் வெளியிடல் வேண்டும். ஆறு மணி நேரம் என்ற வரையறை போதுமா? அஃது ஒரு தையற்காரனின் பணிநாளில் முக்காற் பங்கு! அவ்வெண்ணை எவ்வாறு கண்டனர்? இவ்வூரில் கைபேசி வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருள் இவ்வினாக்களுக்கு விடை அறிந்தார் எத்துணையர்?

இலவசமாகக் கொடுத்த விளையாட்டுக்கு அறிக்கை எற்றுக்கு என்பாரும் உளர். காசு கொடாமை உண்மையே. ஆயின் ஆடினோர் தம் பொழுதைக் கொடுத்தனர். நாள்தோறும் அளந்து கிடைக்கும் இணையத் தரவைக் கொடுத்தனர். தம் கைபேசி எங்கே நின்றுபோகிறது என்னும் அறிவையும் கொடுத்தனர். அவ்வறிவைக் கூலிக்கு ஆளமர்த்திப் பெறுவதாயின் எத்துணைச் செலவாகும் என்பதை அந்நிறுவனங்கள் நன்கறியும். திருத்தியவற்றை மட்டும் விளம்பரம்போற் கூறி, திருத்தப்படாதவற்றை மறைக்கும் அறிக்கையும் பாதி அறிக்கையே. செக்கிங் மேசையில் நல்ல உருப்படிகளை மட்டும் எண்ணி எழுதுபவரை எவர் வேலைக்கு வைத்துக்கொள்வர்?

இனி, சோதிப்போர் பக்கமும் ஒன்று உளது. நம் இளைஞர் எழுதும் குறைகளைப் பார்த்தால் பெரும்பாலும் ‘லேக் அடிக்குது’ என்ற இரு சொல்லோடு முடிந்துவிடுகின்றன. அவற்றிற்கு விடை வாராமை வியப்பன்று. எந்தக் கைபேசி, அதன் நினைவகம் எவ்வளவு, வைஃபையா சிம் தரவா, எத்தனாவது நிமிடத்தில், எந்த இடத்தில், யாது செய்தபோது நின்றது, மறுமுறை செய்தபோதும் நின்றதா என்று ஆறேழு வரி எழுதினால் அதைப் படித்தவர் தம் மேசையில் அவ்வாறே செய்துபார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க இயலும். கணினித்துறை மாணவர் இதனை ஒரு பயிற்சியாகவே கொள்ளலாம். அடுத்து எவ்விளையாட்டேனும் சோதனைக்கு வருங்கால், இருபது பேர் இருபது வகைக் கைபேசிகளில் ஒரே களத்தை ஆடி, கண்டதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பி, வந்த விடையையும் வாராத விடையையும் துறையின் அறிவிப்புப் பலகையில் தேதியிட்டு ஒட்டிவைக்கட்டும்.