ஒட்டுகிற கார்ப்பெட்

பேட்டைக்குப் பேட்டை இருக்கும் ராக் பப்களில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் படம் மாட்டியிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அது எந்த பர்கர் கடையிலும் இருக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி போய்ப் பாருங்கள். ஊர் பேர் தெரியாத நாலு பேர் மேடையேறி, இன்னும் சரியாகப் படியாத சொந்தப் பாட்டைப் பதினேழு பேர் முன்னால் வாசித்துக்கொண்டிருக்கிறார்களா? அந்தப் பதினேழு பேரும் டி.வி-யில் மேட்ச் பார்க்காமல் இவர்களைப் பார்க்கிறார்களா? அது நல்ல பப். மற்றதெல்லாம் ஜோடனை.

'அட, குடிக்கிற இடத்துக்கு இவ்வளவு வக்காலத்தா சார்?' என்பீர்கள். என் கவலை பீரைப் பற்றியதல்ல (சோடா குடித்துவிட்டும் கேட்கலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள்). ராக் வாசிக்கிறவனுக்கு அரங்கேற்றம் நடத்திவைக்க குரு கிடையாது. ஜனங்கள் முன்னால் தப்பும் தவறுமாக வாசித்து வாசித்துத்தான் கை படிகிறது. அதற்குச் சொதப்பினாலும் குடி முழுகிப்போகாத ஒரு சின்ன மேடை வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த மேடையைக் கொடுத்தது சர்க்கார் அல்ல, மூலைக்கு மூலை இருந்த பப்கள். 70-களில் ஏசி/டிசி குழு மெல்பர்ன் பப்களில் வாசித்துவிட்டுத்தான் உலகத்தின் காதைச் செவிடாக்கக் கிளம்பியது.

மெல்பர்ன் காலிங்வுட்டில், ஜான்ஸ்டன் தெருவில், 'தி டோட்' என்று ஒரு பப். 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்கே ராக் உண்டு. வாசல் பக்கம் ஒரு பார், உள்ளே வாசிப்பதற்கென்று தனி அறை, மாடியில் 'கோப்ரா பார்'. பல வருஷத்து பீர் ஊறி, செருப்பு ஒட்டிக்கொள்ளும் அதன் கார்ப்பெட் ஊர்ப் பிரசித்தம். அழகாகச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ஆனால், ஸ்பீக்கர்களை எங்கே நிறுத்துவது, பாடுகிறவன் குரல் கிதாரில் மூழ்காமல் எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்த ஓர் ஆள் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தால் போதும், நாறும் கார்ப்பெட்டை மன்னித்துவிடலாம். லட்ச லட்சமாகக் கொட்டி நாற்காலியை மாற்றிவிட்டு, சவுண்டை யாரோ ஒரு பையனிடம் விடும் இடங்களைத்தான் மன்னிக்கக் கூடாது. இன்னொன்று, கதவில் வசூலாகும் காசு வாசிப்பவனுக்குப் போக வேண்டும். பீர் காசு முதலாளிக்கு. 'மேடைக்கு வாடகை கொடு, அப்புறம் வாசி' என்று புதுப் பையன்களிடமே கறக்கும் பப், பப் அல்ல, கல்யாண மண்டபம்.

இத்தகைய இடங்களைக் கொல்வது யார்? ரவுடிகள் என்று நினைப்பீர்கள். இல்லை, ரொம்ப மரியாதையான மனிதர்கள்.

முதலில் அதிகாரிகள். விக்டோரியா மாநிலத்தில், பின்னிரவு லைசென்ஸ் உள்ள இடத்தில் பாட்டு இருந்தால் அது 'அதிக ஆபத்து' என்று வகைப்படுத்தினார்கள். முதல் நூறு பேருக்கு இரண்டு பவுன்சர், அப்புறம் நூற்றுக்கு ஒருவர். லைசென்ஸ் கட்டணமும் ஏறியது. குடித்துவிட்டு அடித்துக்கொள்ளும் நைட்கிளப்புக்கும், ஓரமாக நின்று தலையாட்டும் ராக் ரசிகனுக்கும் ஒரே தராசு! செலவு தாங்காமல் 2010 ஜனவரியில் டோட் மூடியது. பிப்ரவரி 23 அன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சட்டசபையை நோக்கி ஊர்வலம் போனார்கள். (1976-ல் அதே தேதியில்தான் ஏசி/டிசி லாரி மேல் நின்று ஸ்வான்ஸ்டன் தெருவில் படம் எடுத்தது. வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நாள்.) அரசு இறங்கி வந்தது. அந்த வருஷமே டோட் திறந்துவிட்டது.

அடுத்தது போக்கர் மெஷின். நியூ சவுத் வேல்ஸில் 1997-ல் பப்களுக்குள் அதை அனுமதித்தார்கள். கேட்க வேண்டுமா? டிரம்ஸ் வைக்கிற மூலையில் நாலு மெஷின் வைத்தால், அது சம்பளம் கேட்காது, லேட்டாக வராது, ராப்பகலாகக் காசு விழுங்கும். சிட்னி பப்களில் மேடைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வேடிக்கை என்னவென்றால், டோட் என்ற பெயரே அந்தத் தெருவில் ஒரு காலத்தில் நடந்த திருட்டுக் குதிரைப் பந்தயச் சூதாட்டத்தை ஞாபகப்படுத்துவதுதான். பெயரில் மட்டும் சூதாட்டம் வைத்துக்கொண்டது புத்திசாலித்தனம்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுபவர் மூன்றாமவர், புது ஃப்ளாட்காரர். 'கலகலப்பான ஏரியா, நடக்கிற தூரத்தில் மியூசிக்' என்று விளம்பரம் பார்த்து வீடு வாங்குவார். குடிவந்த மூன்றாம் மாதம் கவுன்சிலுக்கு மனு எழுதுவார், சத்தம் தாங்கவில்லை என்று. கோயிலை ஒட்டி வீடு வாங்கிவிட்டு மணியைக் கழற்றச் சொல்லும் ஜாதி. விக்டோரியா 2014-ல் இதற்கு ஒரு நல்ல விதி போட்டது. ஏற்கெனவே இருக்கும் இசைக் கூடத்திலிருந்து 50 மீட்டருக்குள் புதிதாகக் குடியிருப்பு கட்டுகிறவர்தான் சத்தம் புகாமல் கட்ட வேண்டும். பிறகு வந்தவன் ஜன்னலைக் கெட்டியாகப் போட்டுக்கொள்! இவ்வளவு எளிய நியாயத்தைச் சட்டமாக்க எத்தனை கிதார்கள் மௌனமாக வேண்டியிருந்தது.

2023-ல் டோட் விற்பனைக்கு வந்தது. மெல்பர்னிலேயே இன்னொரு ராக் பப் நடத்துகிறவர்கள், 'நிரந்தரமாக இசைக்கே இருக்கும்படி டிரஸ்ட்டில் வைக்கிறோம்' என்று சொல்லி ஊரிடம் கை நீட்டினார்கள். ஊர் முப்பது லட்சம் டாலர் கொடுத்தது. ஒட்டுகிற கார்ப்பெட்டுக்கு!

அந்தப் பக்கம் போனால் 86-ஆம் நம்பர் ட்ராமில் ஏறி, ஸ்மித் தெருவும் ஜான்ஸ்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் இறங்குங்கள். அங்கிருந்து நடந்துவிடலாம். கேள்விப்பட்டிராத குழுவாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். காதில் வைக்கப் பஞ்சு மறக்க வேண்டாம்.