பழுதான பற்றரியும் கைவிடப்படும் உரிமையும்

‘ட்றில்’ என்று நாம் வழங்கும் துளைகருவி பற்றரியில் இயங்கத் தொடங்கிய பின்னர், அது தச்சரின் கையை விட்டு எல்லோர் வீட்டுக்கும் வந்துவிட்டது. சுவாமிப் படம் மாட்டுவது முதல், அரும்பாடுபட்டு வாங்கிய வீட்டைத் தம் கையாலேயே திருத்துவது வரை எம்மவர்க்கு அது உதவுகின்றது. ஆனால் அக்கருவிக்கு உயிரான பற்றரி எட்டாம் மாதத்தில் மின்னேற்றம் பெற மறுத்துவிட்டால் என்ன நடக்கின்றது? “பற்றரிக்கு ஆறு மாத உத்தரவாதம் மட்டுமே, வேண்டுமானால் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்” என்று கடையில் பதில் வருகின்றது. கேட்டவர் தலையசைத்துவிட்டுத் திரும்புகின்றார். புதிய பற்றரியின் விலையோ பல வேளைகளில் கருவியின் விலையையே எட்டிப்பிடிக்கின்றது.

பிரித்தானியாவில் வாழ்வோர் இப்பதிலை ஏற்கவேண்டியதில்லை. இங்கே இரு வேறு விடயங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் அவர் தாமாக முன்வந்து அளிக்கும் வாக்குறுதி. அதன் காலத்தையும் நிபந்தனைகளையும் அவரே வகுக்கின்றார். சட்டம் தரும் உரிமையோ அந்தத் தாளில் தங்கியிருப்பதன்று. 2015 ஒக்ரோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் திருப்தியான தரமுடையதாகவும், நோக்கத்துக்கு ஏற்றதாகவும், விபரித்தபடியும் இருத்தல் வேண்டும். தரம் என்பதற்குள் நீடித்துழைக்கும் தன்மையையும் அச்சட்டம் வெளிப்படையாகச் சேர்த்திருக்கின்றது. இதற்குப் பொறுப்பாளி பணத்தைப் பெற்றுக்கொண்ட கடைக்காரரேயன்றி, எங்கோ இருக்கும் தயாரிப்பாளர் அல்லர். கருவியோடு சேர்த்து விற்கப்பட்ட பற்றரியும் அப்பொருளின் ஒரு பகுதியே.

காலக்கணக்கு முக்கியமானது. பொருளைப் பெற்ற 30 நாட்களுக்குள் குறைபாடு தெரிந்தால் அதனைத் திருப்பிக்கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். அதற்குப் பின், திருத்தித் தரவோ மாற்றித் தரவோ கடைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அது பலனளிக்காவிடின் விலைக்குறைப்பையோ பணத்தையோ கேட்கலாம். முதல் 6 மாதங்களுள் வெளிப்படும் குறைபாடு விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் கொள்கின்றது. இல்லையென்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. 6 மாதம் கடந்ததும் அந்தச் சுமை எம் தோளுக்கு மாறுகின்றதேயொழிய, உரிமை மறைந்துபோவதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் 6 ஆண்டுகளுக்குள்ளும், ஸ்கொட்லாந்தில் 5 ஆண்டுகளுக்குள்ளும் வழக்குத் தொடரலாம். எனவே எட்டாம் மாதத்துப் பற்றரிக்காரர் செய்யவேண்டியது திரும்பிப் போவதன்று, சான்று தேடுவது.

எத்தகைய சான்று? “பற்றரி தேய்ந்துபோகும் பொருள்தானே” என்ற வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆண்டுக்கணக்கில் பாவிக்கும்போது அதன் கொள்ளளவு படிப்படியாகக் குறைவது இயல்பு. அதற்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆனால் சடுதியாகச் செத்துப்போவது வேறு. 18 வோல்ட் பற்றரி ஒன்றினுள் 3.6 வோல்ட் அளவுடைய 5 லிதியம் அயன் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று பலவீனப்பட்டாலும் போதும். பாதுகாப்புச் சுற்று மின்னேற்றத்தைத் தடுத்துவிடும். ஏனைய நான்கும் நல்ல நிலையில் இருந்தாலும் பற்றரி பயனற்றதாகிவிடும். அதே மின்னேற்றியில் வேறொரு பற்றரி ஒழுங்காக மின்னேறுகின்றதெனில் பழுது எங்கே என்பது புலனாகும். அதனைப் படம்பிடித்து வைத்தலும், திருத்துநர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை பெறுதலும் வலுவான சான்றுகள். பற்றரியை நாமே பிரித்துப் பார்த்தல் மட்டும் ஆகாது. அது தீ விபத்துக்கு இடமளிக்கும். எம் வழக்கையும் கெடுக்கும். உறைபனிக் குளிரில் மின்னேற்றியதும், வெறுமையான பற்றரியை மாதக்கணக்கில் போட்டுவைத்ததும் பாவனையாளரின் தவறாகக் கொள்ளப்படலாம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எம்மவர் குறிப்பாகக் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. கட்டட வேலை, மின்வேலை, திருத்த வேலை எனச் சுயதொழில் புரிவோர் எம்மிடையே பலர். முற்றாகவோ பெரும்பாலுமோ தொழிலுக்கென வாங்கப்பட்ட கருவிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 1979 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் உண்டு. எனினும் 6 மாத நிரூபணச் சலுகை அதில் இல்லை. அதேவேளை, ஒருவர் நுகர்வோர் அல்லர் என்று வாதிடும் கடையே அதனை நிரூபிக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் ஏற்பாடு. தனியாரிடம் பழைய பொருளாக வாங்குவோருக்கோ இப்பாதுகாப்புகளில் பெரும்பகுதி கிடையாது. மலிவு விலை தேடும்போது இதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குறைந்தது 2 ஆண்டுச் சட்டப் பொறுப்பு விற்பனையாளருக்கு உண்டு. ஜேர்மனியில் முதல் 12 மாதங்களுக்கும், பிரான்சில் புதிய பொருள்களுக்கு 24 மாதங்களுக்கும் நிரூபணச் சுமை விற்பனையாளரையே சாரும். ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நோர்வேயில், நீண்டகாலம் நிலைக்கவேண்டிய பொருள்களுக்கு 5 ஆண்டுகளும் ஏனையவற்றுக்கு 2 ஆண்டுகளும் முறைப்பாடு செய்யலாம். மேலும், சட்டப் பொறுப்புக் காலத்தினுள் மாற்றீட்டைக் கேளாது திருத்தத்தைத் தெரிவுசெய்வோருக்கு அப்பொறுப்பு 12 மாதங்களால் நீளவேண்டும் என 2024 இல் ஒன்றியம் விதித்தது. ஒரு கருவியின் விற்பனை நின்ற பின்னரும் 5 ஆண்டுகளுக்கு அதற்குரிய பற்றரி நியாய விலையில் கிடைக்கச் செய்யவேண்டும் என்ற விதி, 2023 இல் இயற்றப்பட்டு, 2027 பெப்ரவரி 18 முதல் நடைமுறையாகும்படி வகுக்கப்பட்டது. பற்றரிக்காகவே நல்ல கருவியைக் குப்பையில் வீசும் நிலைமையை மாற்றுவதே இதன் நோக்கம்.

பிரித்தானியாவிலும் சட்டம் கடுமையாகியுள்ளது. வாடிக்கையாளரின் உரிமை குறித்துத் தவறான தகவல் கூறுவது சட்டமீறலாகும். 2025 ஏப்ரல் 6 முதல், இத்தகைய மீறல்களுக்கு நிறுவனமொன்றின் உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 10 வீதம் வரை, நீதிமன்றம் செல்லாமலே, போட்டிக்கும் சந்தைகளுக்குமான அதிகாரசபை தண்டம் விதிக்கலாம். எனினும் எந்த அதிகாரசபையும் எமக்காகக் கடை வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. கேட்கப்படாத உரிமை இல்லாத உரிமைக்குச் சமானம்.

நாம் ஏன் கேட்பதில்லை? மொழித் தயக்கம் ஒரு காரணம். அதனினும் ஆழமானது, “எமது அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை, வீண் பிரச்சினை எதற்கு?” என்ற அச்சம். இவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. சட்டம் நுகர்வோரைத் ‘தனிநபர்’ என்றே வரையறுக்கின்றது. குடியுரிமை உள்ளவர் என்று கூறவில்லை. கடைக்குக் காட்டவேண்டியது வாங்கியதற்கான சான்றேயன்றி வதிவிட அனுமதியன்று. பற்றுச்சீட்டு தொலைந்திருந்தாலும் வங்கிக் கூற்று சான்றாகும். பற்றுச்சீட்டை வாங்காமலே வரும் பழக்கத்தை நாம் கைவிடவேண்டும்.

வாய்ச்சொல்லில் மறுக்கப்பட்டால் எழுத்தில் கேளுங்கள்: வாங்கிய திகதி, பழுது தெரிந்த திகதி, கோரும் பரிகாரம், பதிலுக்கு 14 நாட்கள், இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஆங்கிலத்தில் எழுதப் பிள்ளைகள் உதவலாம், அவர்களும் கற்றுக்கொள்வர். பொருளின் விலை 100 பவுணுக்கு மேற்பட்டு, அதில் ஒரு பகுதியையேனும் கடனட்டையில் செலுத்தியிருந்தால், 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி கடனட்டை நிறுவனமும் பொறுப்பாகும். இறுதி வழியாக, இங்கிலாந்திலும் வேல்சிலும் 10,000 பவுண் வரையான கோரிக்கைகளைச் சட்டத்தரணியின்றியே சிறு கோரிக்கை முறையில் நீதிமன்றில் முன்வைக்கலாம்.

ஒரு பற்றரியின் விலை பெரிதல்ல என்று சிலர் கூறலாம். மணித்தியாலக் கூலிக்கு உழைப்பவனுக்கு அது ஒரு முழுநாள் உழைப்பு. அதனை விட்டுக்கொடுப்பது பெருந்தன்மையுமன்று, அடக்கமுமன்று. நாம் வாழும் நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுகின்றோம்; அச்சட்டம் எமக்குத் தருவதைக் கேட்டுப்பெறவும் பழகிக்கொள்வோம்.