ஆரல்வாய்மொழிக் காற்று வீணாகலாமா?

பருவநிலை மாற்றம் பற்றிய செய்திகளைப் படிப்பவருக்குக் கையை விரிக்கத்தான் தோன்றும். மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி அப்படி விரிக்கவில்லை. 2006இல் வங்கிக் கடன் பெற்று, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றது. கரன்ட் பில் கட்டவே திணறும் ஊராட்சிகளுக்கு நடுவே, வாரியத்திடம் காசு வாங்கிய ஊராட்சி!

காற்றைப் போலவே வெயிலும் கைகொடுக்கிறது. கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் தகடுகளின் தூசியைத் துடைப்பவை ரோபோக்கள். அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தையும் வெயிலே தருகிறது.

ஆனால் தென்கோடியில் உள்ள முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் பெருமூச்சுதான் வரும். நல்ல காற்று வீசும் இடங்களையெல்லாம் 1990களில் நட்ட, 250 கிலோவாட் அளவிலான சிறு காற்றாலைகள் அடைத்து நிற்கின்றன. இன்றைய காற்றாலை ஒன்றின் திறன் அதைப்போலப் பத்து மடங்கு. பழையதை மாற்ற மாநில அரசு 2024இல் கொள்கை வகுத்தது, நல்லதே. ஆனால் ஆனி, ஆடியில் காற்று பேயாய் வீசும்போது, மின்தடம் தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தச் சொல்வதும் நடக்கிறது. சும்மா கிடைக்கும் காற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு நிலக்கரிக்குக் கப்பல் பிடிப்பதில் என்ன கணக்கு இருக்கிறது? தென்மாவட்டங்களில் புதிய மின்தடங்களையும் பேட்டரி சேமிப்பு நிலையங்களையும் அமைக்கும் பணியை வாரியம் முதல் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்.