பளபளக்கும் பாவாடையும் வாசல் விளக்கும்



தீபாவளி வருகிறதென்றால் நம் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்பதில்லை. ஆண்டு முழுதும் பால் மரத்தோடு மல்லுக்கட்டும் நமக்கும், அன்று அவர்களைப் புத்தாடையில் பார்ப்பதே பெருநாள். அந்தப் புத்தாடையைப் பற்றியே இன்று பேச வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஜொகூரில் நாம் வேலை செய்த தோட்டமொன்றில், தீபாவளி இரவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி லயன் வாசலில் மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தாள். தரையைத் தொடும் நைலான் பாவாடை. பின்னால் இருந்த அகல் விளக்கை அவள் பார்க்கவில்லை. பாவாடை பற்றியது. பயந்து ஓடினாள், ஓட ஓடத் தீ ஏறியது. அணைத்தபோது துணி உருகிக் காலோடு ஒட்டியிருந்தது. டிரசர் விடுமுறையில் போயிருந்தார். லாரி டிரைவரும் இல்லை. பிள்ளை பிழைத்தாள். ஆனால் கத்தி ஆழமாய் இறங்கிய மரப்பட்டையைப் போல அந்தக் கால் இன்றும் இருக்கிறது.

"தலைவிதி" என்றார்கள் சிலர். நாம் ஒப்பவில்லை.

1940-களில் அமெரிக்காவில் பிள்ளைகளின் கௌபாய் வேட உடைகளில் புசுபுசுவென்ற ரேயான் துணியை வைத்துத் தைத்து விற்றார்கள். பொறி பட்டதும் அது பற்றிக்கொண்டது. பிள்ளைகள் வெந்து மாண்டார்கள். பெற்றோர் வழக்குமன்றம் ஏறினார்கள். 1953-ல் தீப்பற்றும் துணிகளைத் தடுக்கச் சட்டம் வந்தது. இங்கிலாந்திலும் 1964-ல் குழந்தைகளின் இரவு உடைக்குத் தனி விதி வந்தது. தலைவிதி என்று இருந்துவிடாமல் சட்ட விதி கேட்டார்கள், கிடைத்தது.

கம்பி மத்தாப்பு 1000 டிகிரிக்கு மேல் சுடும். நைலானும் பாலியெஸ்டரும் சுமார் 250 டிகிரியிலேயே உருகித் தோலைப் பிடிக்கும். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. ஆகவே கெட்டியான பருத்தியில், உடலையொட்டி, கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி தையுங்கள். மத்தாப்பு நேரத்தில் துப்பட்டா வேண்டாம். விளக்கை உயரத்தில் வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பெரியவரும் பக்கத்தில் இருக்கட்டும். கோயில் விழாவில் வேடம் போடும் பிள்ளைகளின் பஞ்சுத் தாடிக்கும் காகிதக் கிரீடத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

தீப்பற்றினால் ஓடவிடாதீர்கள், படுக்கவைத்து உருட்டுங்கள். புண்ணில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கீச்சாப்பு, பற்பசை எதுவும் தடவ வேண்டாம். 999-ஐ அழையுங்கள்.

இத்தனையும் பெற்றோர் கடமை. ஆனால் நம் தாய்மார்கள் பாசார் மாலாமில் மலிவு நைலானை ஆசைப்பட்டா எடுக்கிறார்கள்? முன்பணக் கணக்கு எழுதும் கிராணிகள் நாம். விடை நமக்குத் தெரியும். பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கையில் பணம் கைக்கு வந்தால், எந்தத் தையற்காரர் துணியை வாங்குவார்? கடையில் தொங்குவதுதான் கதி!

ஆகவே, தீபாவளி முன்பணத்தை ஒரு மாதத்துக்கு முன்பே நிர்வாகம் தரவேண்டும். பண்டிகை இரவில் மருத்துவ உதவியாளர் ஒருவரும் வண்டி ஒன்றும் முறைவைத்துத் தோட்டத்தில் இருக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இப்போதே எழுத்தில் கேட்கட்டும். தாமான் வீடுகளுக்குக் குடிபோன தோழர்களும் மேற்சொன்ன எச்சரிக்கையை அண்டை அயலாருக்குச் சொல்லட்டும்.

விளக்கு நம் வாசலில் எரியட்டும். பிள்ளையின் பாவாடையில் அல்ல.