ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பதினாறு நாள் கூலி

சீருடை என்றால் எல்லோருக்கும் ஒரே உடை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள் ஏழை, பணக்காரன் தெரியக் கூடாது. ஊர்க்காரன், சேரிக்காரன் தெரியக் கூடாது. அதற்காகத்தான் சீருடை என்றார்கள். ரொம்ப நல்லது. அப்படியானால் ஜூன் மாதம் காலையில் எங்கள் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று பாருங்கள். கட்டம் போட்ட சட்டை, டை, பளபளக்கிற ஷூவோடு ஒரு கூட்டம் வேனுக்கு நிற்கும். அரசாங்கம் கொடுத்த சீருடையில், தோளுக்குக் கீழே தொங்குகிற சட்டையோடு இன்னொரு கூட்டம் நடந்து போகும். பேர் கேட்க வேண்டாம், தெரு கேட்க வேண்டாம். துணியே சொல்லிவிடும். வித்தியாசத்தை மறைக்க வந்த துணி இன்றைக்கு வித்தியாசத்தை விளம்பரம் செய்கிற துணியாகிவிட்டது.

நான் தையல்காரன். காலனி முனையில் இருபத்தாறு வருஷமாக மிஷின் மிதிக்கிறேன். ஆகவே துணியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு தாய், தன் ஐந்து வயது மகனை யூகேஜியில் சேர்த்தபோது பள்ளிக்கூடம் கை காட்டிய கடையில் கொடுத்த பில் இது. சீருடை இரண்டு செட் 2,200 ரூபாய். புதன்கிழமைக்கென்று தனியாக வெள்ளை செட் 850. விளையாட்டு நாளுக்கு டி-சர்ட்டும் டிராக் பேண்ட்டும் 750. கறுப்பு ஷூ, வெள்ளை ஷூ இரண்டும் சேர்த்து 1,050. சாக்ஸ் இரண்டு ஜோடி 160. டை, பெல்ட் 240. கழுத்தில் மாட்டுகிற அட்டை 120. மொத்தம் 5,370 ரூபாய்.

2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அறிவித்த கூலி முழுசாகக் கைக்கு வந்ததா என்பது வேறு கதை. வந்ததாகவே வைத்துக்கொண்டாலும் அந்த பில் பதினாறு நாள் கூலி. பதினாறு நாள் வெயிலில் மண் வெட்டினால் ஒரு குழந்தைக்கு உடுப்பு. இதில் பீஸ் இல்லை, புத்தகம் இல்லை, வேன் இல்லை. வெறும் துணி, ரப்பர், தோல். அதுவும் வளர்கிற பிள்ளை. தீபாவளிக்குள் டவுசர் முழங்காலுக்கு மேலே ஏறிவிடும்.

இதையே என் மிஷினில் தைத்தால் என்ன ஆகும்? ஐந்து வயசுப் பிள்ளைக்குச் சட்டைக்கு ஒரு மீட்டர் துணி, 140 ரூபாய். டவுசருக்குப் பெரிய அகலத்துணி அறுபது சென்டிமீட்டர், 156 ரூபாய். சட்டை தையல் கூலி 150. டவுசருக்கு 130. பட்டன், எலாஸ்டிக், நூல் 24. ஆக 600 ரூபாய். இது நான் சில்லறையில் துணி வாங்கித் தைக்கிற விலை. அவர்கள் கட்டுக் கட்டாக வாங்கி, கம்பெனியில் கொடுத்துத் தைக்கிறவர்கள். அவர்களுக்கு இதைவிடக் குறைவாகத்தான் அடங்கும். ஆனால் விற்கிற விலை 1,100. ஒரு செட்டுக்கு 500, ஒரு பிள்ளைக்கு 1,000. இருநூறு பிள்ளை இருந்தால் இரண்டு லட்சம். இது யாருக்குப் போகிறது? கடைக்காரர் எவ்வளவு, பள்ளிக்கூடம் எவ்வளவு என்று அவர்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளட்டும். கொடுத்தது மட்டும் சித்தாள் கூலி.

“நீ தைக்கிறவன், உன் பொழப்பு போச்சேன்னு புலம்புற” என்று சிலர் சொல்லலாம். ஆமாம், பொழப்பும்தான் போச்சு. முன்பெல்லாம் மே கடைசியில் எங்கள் தெருவில் நான்கு மிஷின் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஓடும். இப்போது ஒன்றுதான் ஓடுகிறது. ஏன் என்று கேட்டால், சட்டைப் பையில் பள்ளிக்கூடத்தின் முத்திரை. அந்த எம்ப்ராய்டரியை வெளியில் யாரும் போடக் கூடாது. கட்டத்தின் நிறமும் அவர்கள் சொல்லி வைத்து நெய்வது. கடைவீதியில் அந்தத் துணி கிடைக்காது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டிசைன் மாறும். அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகாது. அக்காள் பாவாடை தங்கைக்கு ஆகாது. ஏழை வீட்டில் காலங்காலமாக இருந்த ஒரே சிக்கனத்தையும் ஒரு கட்டம் போட்ட துணி தின்றுவிட்டது.

இந்த இடத்தில் நம் ஆட்களிலேயே சில படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “இவங்கள யார் பிரைவேட் ஸ்கூலுக்குப் போகச் சொன்னது? ஓசியில சீருடை தர்ற அரசுப் பள்ளி இருக்குல்ல? டையும் ஷூவும் எதுக்கு, ஆடம்பரம்தானே?”

ஆடம்பரமா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேல் உடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மூடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அதில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதையெல்லாம் தன் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். கவனியுங்கள், சட்டையும் படிப்பும் ஒரே பட்டியலில்தான் வருகின்றன. நமக்கு மறுக்கப்பட்டபோது இரண்டும் சேர்ந்தே மறுக்கப்பட்டன. அதனால்தான் நம் தாய்மார்கள் இரண்டையும் சேர்த்தே வாங்கப் பார்க்கிறார்கள்.

சாத்தாராவில் பள்ளியில் படித்த சிறுவன் அம்பேத்கர் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் ஒரு மூலையில் உட்கார வேண்டும். சாயந்திரம் அந்தக் கோணியை அவரே சுருட்டி எடுத்துப் போக வேண்டும், ஏனென்றால் பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிற ஆள் அதைத் தொடமாட்டான். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விதித்த ‘சீருடை’ அந்தக் கோணிதான். அவர்தான் 1927 டிசம்பரில் மகாடில் நம் பெண்களைப் பார்த்து, தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும்படி புடவை கட்டாதீர்கள், மாற்றிக் கட்டுங்கள் என்று பேசினார். அவர் சிலைக்குக் கோட்டும் சூட்டும் சும்மா வந்ததல்ல. ஆகவே சேரித் தாய் தன் மகனுக்கு ஷூ மாட்டுவதைப் பார்த்து ஆடம்பரம் என்று சொல்கிற வாய், எந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு சொல்கிறது என்று யோசிக்கட்டும்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் வியாபாரிக்குத்தான் லாபம். மானத்துக்காக அவள் செலவழிக்கிறாள் என்பது உண்மை. அந்த மானத்துக்கு விலைச் சீட்டு ஒட்டி விற்கிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை. முன்பு சட்டை போட்டால் அடித்தார்கள். இப்போது சட்டை போடக் கட்டு என்கிறார்கள், கட்டாவிட்டால் வாசலில் நிறுத்துகிறார்கள்.

சரி, அரசுப் பள்ளிக்கு வருவோம். சத்துணவுத் திட்டத்தில் பெயர் உள்ள ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு செட் சீருடை இலவசமாகத் தரப்படுகிறது. கூட்டுறவு நெசவாளர்கள் நெய்த துணி, மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களில் பெண்கள் தைத்தது. நல்ல திட்டம். இந்தியாவில் பல மாநிலங்களில் நான்கு செட் தருவதில்லை. இதை யாராவது ‘இலவசம்’ என்று இளக்காரம் பேசினால் சண்டைக்கு நிற்பேன்.

அதற்காகக் குறையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஜூனில் வர வேண்டிய செட் பல வருஷம் ஆடி, ஆவணியில்தான் வந்து சேர்ந்தது. அளவு பிள்ளையின் உடம்புக்கு இல்லை, வகுப்புக்குத்தான். ஒன்றாம் வகுப்பு என்றால் எல்லாப் பிள்ளையும் ஒரே உயரமா? சட்டையை வாங்கியதும் நேரே என்னிடம் வருகிறார்கள். “அண்ணே, தோள புடிச்சிக் குடு, டவுசர் நிக்கல” என்கிறார்கள். பிடித்துக் கொடுக்கச் செட்டுக்கு அறுபது, எழுபது ரூபாய் ஆகிறது. இலவசத்துக்கும் செலவு. அப்புறம் சத்துணவுப் பட்டியலோடு ஏன் சட்டையை முடிச்சுப் போட வேண்டும்? சோறு சாப்பிட்டால்தான் துணி என்றால், அந்தத் துணி யார் என்பதை ஊருக்குச் சொல்கிற துணியாகத்தானே ஆகும்?

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1552இல் லண்டனில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளியில் நீல அங்கி கொடுத்தார்கள். தர்மத்தில் வளர்கிற பிள்ளை என்பது பார்த்ததும் தெரிய வேண்டும். பள்ளிச் சீருடையின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். பணக்காரர்கள் பிறகு அதைத் தங்கள் கௌரவமாக்கிக்கொண்டார்கள். அதே இங்கிலாந்தில் சீருடைச் செலவு தாங்காமல் பெற்றோர் போராடி, 2021இல் பள்ளிகள் சீருடைச் செலவைக் குறைக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. நம் ஊரில் சி.பி.எஸ்.இ. 2017இல் பள்ளிகள் சீருடை, புத்தக வியாபாரம் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. டெல்லி அரசு 2022இல், குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, மூன்று வருஷத்துக்குச் சீருடையை மாற்றக் கூடாது என்றது. சுற்றறிக்கைக்கு என்ன? அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு பெரிய ஏமாற்று இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. பீஸை அரசு கட்டும். நம் பிள்ளைகளுக்கு இது ஒரு கதவு. ஆனால் உள்ளே போனதும், “பீஸ்தான் ஃப்ரீ, யூனிஃபார்முக்கும் புக்குக்கும் நீங்க கட்டணும்” என்கிறார்கள். அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு என்ன சொல்கிறது? தொடக்கக் கல்வியை முடிக்கவிடாமல் தடுக்கிற எந்தக் கட்டணமும், எந்தச் செலவும் பிள்ளை மேல் விழக் கூடாது என்கிறது. சீருடை அந்தச் செலவில் வராதா? 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. இந்தப் பிள்ளைகளின் சீருடை, புத்தகச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும் என்றது. தீர்ப்பு வந்தது. சட்டை வந்ததா? 2025இல் அந்தச் சேர்க்கையே ஒன்றிய அரசின் நிதிச் சண்டையில் மாட்டி, ஜூனில் நடக்க வேண்டியது அக்டோபருக்குப் போனது.

அப்போ சீருடையே வேண்டாம், அவரவர் துணியில் வரட்டும் என்று சில முற்போக்காளர்கள் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டுத் துணி என்றால் தினம் ஒரு புதுத்துணி போட்டு வருகிறவன் யார், ஒரே துணியைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறவன் யார் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஒரே சீருடை இருந்தும் தெற்கே பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் பிள்ளையை வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கயிறுக்கும் பொட்டுக்கும் தடை வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. இந்த நிலைமையில் சீருடையையும் எடுத்துவிட்டால் கயிறு சட்டையாக வளரும். நமக்கு வேண்டியது சீருடையை ஒழிப்பதல்ல. சீருடை என்ற சொல்லுக்கு உண்மையாக இருப்பது.

அதனால் என் கோரிக்கை இது. ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றுக்கும் மாநிலம் முழுக்க ஒரே நிறச் சீருடை. கோ-ஆப்டெக்ஸிலும் கடைவீதியிலும் கிடைக்கிற சாதாரணத் துணி. முத்திரை வேண்டுமென்றால் பத்து ரூபாய் பேட்ஜ் குத்திக்கொள்ளட்டும். அரசுச் சீருடையைச் சத்துணவுப் பட்டியலிலிருந்து பிரித்து எல்லாப் பிள்ளைக்கும், உடம்பு அளவெடுத்து, பள்ளி திறக்கும் நாளில் கொடுக்க வேண்டும். 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கும் அதே சீருடை. சீருடை இல்லை என்று ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தினால் அந்தப் பள்ளி மேல் நடவடிக்கை.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். மந்திரி வீட்டுப் பிள்ளையும் சித்தாள் பிள்ளையும் ஒரே நிறத்தில் போவதை ஊரும் ஒத்துக்கொள்ளாது, வியாபாரியும் ஒத்துக்கொள்ளமாட்டான். எதை அவர்கள் ஒத்துக்கொண்டு நமக்குக் கிடைத்தது? குடையும் செருப்பும் மனுப் போட்டா கிடைத்தது?

வருகிற மே மாதம் சேர்க்கை தொடங்கும்போது ஒவ்வொரு தாயும் தனித்தனியாகப் போய்க் கவுன்ட்டரில் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம். தெருவாகச் சேர்ந்து போங்கள். பில்லில் ஒவ்வொரு வரிக்கும் ரசீது கேளுங்கள். எந்த விதிப்படி இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள். எழுதித் தர முடியாததை எதற்குக் கட்ட வேண்டும்? தைக்க ஆள் இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். எங்கள் தெருவில் இன்னும் மூன்று மிஷின் துணி போர்த்தி வைத்திருக்கிறது.