எதிர்ப்புச் சக்தி விற்கிறவைக்கு

பளையில என்னோட படிச்ச ஒருத்தன் கட்டார் போக மெடிக்கல் எடுத்தான். 'அன்ஃபிற்' எண்டு தாள் வந்தது. இரத்தத்தில் ஹெப்பற்றைற்றிஸ் பி. அடுத்து எங்க போறது, ஆரைப் பார்க்கிறது எண்டு அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. ஒரு கிழமைக்குள்ள வீட்டு மேசையில் மூன்று போத்தல் சேர்ந்திட்டுது: பெரியம்மா இடிச்சுப் பிழிஞ்ச கீழ்க்காய்நெல்லிச் சாறு, பேஸ்புக்கில ஓடர் பண்ணின பொடி, கனடாவில இருந்து மாமா அனுப்பின குளிசை. மூன்றுக்கும் ஒரே வாக்குறுதி: 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்'.

கூட்டினால் ஈரலுக்கு என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் கேட்கேல்ல.

ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு ஈரல் கலத்தை நேரடியாகக் கொல்வதில்லை. உள்ளே இருந்து பெருகும், அவ்வளவுதான். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய பிள்ளைக்குப் பல வருசம் இரத்தம் நிறைய வைரசு இருக்கும், ஈரலோ சும்மா இருக்கும். சேதம் தொடங்குவது எங்கட உடம்பு எதிர்க்கத் தொடங்கும்போது. ரி-கலங்கள் வந்து தொற்றிய கலங்களைக் கொல்லும். கூடவே சைற்றோகைன்களைச் சுரக்கும். இவை கலத்துக்குக் கலம் செய்தி கொண்டுபோகிற சிறு புரதங்கள். இன்ரஃபெரோன்-காமா, ரி.என்.எஃப் என்ற இரண்டும் முக்கியமானவை. கலத்தைக் கொல்லாமலே உள்ளிருக்கும் வைரசை இவை அடக்கக்கூடும் எண்டு 1990களில் கலிபோர்னியாவில் பிராங் சிசாரியின் குழு எலிகளில் காட்டியது. வளர்ந்த பிறகு தொற்றினவர்களில் பெரும்பாலானோருக்கு உடம்பே சில மாதத்தில் வேலையை முடித்துவிடும்.

நாட்பட்ட நோயில் முடியாது. கொஞ்சக் கலம் சாகும், வைரசு போகாது, செய்தி நிற்காது. அந்தச் செய்தியைக் கேட்டு வேற வெள்ளைக் கலங்களும் வந்து குவியும். ரி.ஜி.எஃப்-பீற்றா எண்ட இன்னொரு சைற்றோகைன் ஈரலின் நட்சத்திரக் கலங்களுக்குத் 'தழும்பு போடு' எண்டு சொல்லும். இருபது முப்பது வருசத் தழும்புதான் சிரோசிஸ். பாடப்புத்தகம் வெள்ளைக் கலங்களைப் 'போர்வீரர்' எண்டு படிப்பிக்கும். முகமாலையில் தலையில்லாமல் நிண்ட தென்னைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, சண்டை நடந்த நிலத்துக்கு என்ன ஆகும் எண்டு சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்ப சக்தியைக் குறைக்கலாமோ? அதுவும் ஆபத்து. எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களில் பதுங்கியிருந்த வைரசு திரும்ப எழும்பும். 'டொக்டர்மாரும் இன்ரஃபெரோன் ஊசி போடினம்தானே' எண்டு பொடிக்காரர் கேட்பார். போடினம், அளந்து, இரத்தம் சோதிச்சுச் சோதிச்சு. ஈரல் செயலிழக்கத் தொடங்கினவருக்கு அதைப் போட மாட்டினம், ஆளே போயிடலாம். பொடிக்காரர் ஆற்ற ஈரலைச் சோதிச்சவர்?

கீழ்க்காய்நெல்லியை நான் பழிக்கேல்ல. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, இந்த வைரசைக் கண்டறிந்த புளும்பேர்க்கோடு சேர்ந்து, 'லான்செற்'றில் எழுதியது: மூலிகை எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேலுறைப் புரதம் மறைந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. தாய்லாந்திலும் வேறிடங்களிலும் செய்து பார்த்தபோது அது திரும்ப வரேல்ல. அந்த இரண்டாம் பாதியை விளம்பரத்தில் ஒருத்தரும் போடுறதில்லை. எங்கட சனம் நம்புறதுக்கும் காரணம் இருக்கு. 2009இல் மெனிக் பாம் முகாம்களில் பரவின செங்கமாரி ஏ வகை. அது பெரும்பாலும் தானே மாறும். தானே மாறின நோய்க்குக் குடிச்ச சாறு பேர் வாங்கும். பி அப்படி இல்லை.

இவனுக்குத் தேவை ஈரல் நொதியம், வைரசின் அளவு, ஸ்கான். டொக்டர் வேணும் எண்டால் ரெனோஃபோவிர், ஒரு நாளைக்கு ஒரு குளிசை. அது எதிர்ப்பைக் கூட்டுவதில்லை, வைரசு பெருகுவதைத் தடுக்கும். அப்ப சண்டை தணியும். வீட்டில அவன்ர கோப்பையைத் தனியா வைச்சிருக்கினம். சாப்பாட்டால் இது தொற்றாது. இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்திலும் தொற்றும். கோப்பையைப் பிரிச்சவை தங்கட இரத்தத்தைச் சோதிக்கேல்ல. குழந்தைகளுக்கான பி தடுப்பூசி இலங்கையில் 2003இல்தான் தொடங்கினது. அவன்ர தங்கச்சி 2001. பொடிக்குக் குடுத்த காசில அவளுக்கு ரெஸ்ற் எடுத்து ஊசியும் போட்டிருக்கலாம். வாற கிழமை யாழ்ப்பாணம் போற பஸ்ஸில மூன்று பேராப் போறம்.