சேவை மனப்பான்மை என்ற சாக்கு

அரசு மருத்துவமனையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒருவராவது சொல்லிவிடுவார்: "இப்ப இருக்கிற நர்ஸுங்களுக்குச் சேவை மனப்பான்மையே இல்லைங்க." கூப்பிட்டால் வருவதில்லை, எரிந்து விழுகிறார்கள், ஊசியைக் குத்திவிட்டு ஓடுகிறார்கள் என்று ஆளுக்கொரு சாட்சியமும் கூடவே வரும். சாட்சியங்கள் பொய்யில்லை. தீர்ப்புதான் தவறு.

ஏன் ஓடுகிறார்? இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ். மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். நைட் டூட்டியில் ஒரே நர்ஸ் நாற்பது படுக்கைகளைப் பார்ப்பது நமக்குப் புதிதா? ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி பிபி, காய்ச்சல், நாடி பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதினாலே ஒரு சுற்றுக்கு 200 நிமிடம். அதற்குள் டிரிப்ஸ் மாற்ற வேண்டும், புது அட்மிஷன் வந்து நிற்கும். ரத்தம் ஏற்றத் தொடங்கினால் முதல் கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும். எழ முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். இதில் எதை விடுவது என்று முடிவெடுப்பதே அந்த இரவு முழுக்க அவருடைய வேலை. முதலில் விடுபடுவது கனிவான பேச்சு. அது மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது.

"நோயாளியோடு கட்டாயம் ஒருத்தர் இருக்கணும்" என்ற விதியைப் பாசத்தின் ஏற்பாடாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, மூக்குக்குழாய் வழியே கஞ்சி ஊற்றுவது, டிரிப்ஸ் தீர்ந்ததும் ஓடிப்போய்ச் சொல்வது எல்லாம் நர்ஸ் வேலை. பயிற்சியில்லாத மகளும் மருமகளும் கூலியில்லாமல் அதைச் செய்கிறார்கள். நிரப்பப்படாத பணியிடம்தான் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நர்ஸ் மனம் சோர்ந்து போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அங்கே ஒப்பிட்டது நான்கு நோயாளிக்கும் எட்டு நோயாளிக்கும் இடையில்தான். நம் நாற்பது அந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

ஆள் கிடைக்கவில்லையா? கிடைக்கிறார்கள். 2015-இல் தமிழ்நாட்டின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்பது பேச்சு. நிரந்தரம் வராமல் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். 2020 மே மாதம் கொரோனா பணிக்கு நன்றி சொல்லி விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூத்தூவின. கொரோனா காலத்தில் சேர்க்கப்பட்ட நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை போனது. தேவதை என்று கும்பிடுவதும் மனப்பான்மை இல்லை என்று ஏசுவதும் சம்பளத்தையும் எண்ணிக்கையையும் பேசாமல் நழுவும் வழிகள்தான். பொறுக்க முடியாதவர்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் விமானம் ஏறுகிறார்கள். அங்கே போனதும் அதே பெண்ணுக்குச் சேவை மனப்பான்மை எங்கிருந்து முளைக்கிறது?

சிடுமூஞ்சிகளும் கை நீட்டுகிறவர்களும் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த அலுவலகத்தில்தான் இல்லை?

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை அலட்சியங்களைப் பற்றிய 2013 விசாரணை அறிக்கைக்குப் பிறகு, வார்டுக்கு எத்தனை நர்ஸ் தேவை, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அங்குள்ள அரசு மருத்துவமனைகள் வெளியிட வேண்டியதாயிற்று. நம் வார்டு வாசலில் அதற்கு ஒரு கரும்பலகை போதும். அது வரும்வரை நாமே எண்ணலாம். அடுத்த முறை சிஸ்டர் எரிந்து விழுந்தால் தாராளமாகப் புகார் எழுதுங்கள். அன்றைக்கு அந்த வார்டில் நோயாளிகள் எத்தனை பேர், டூட்டியில் நர்ஸ்கள் எத்தனை பேர் என்பதையும் அதிலேயே எழுதி, டீனுக்கு ஒரு நகலும் சுகாதாரத் துறைச் செயலருக்கு ஒரு நகலும் அனுப்புங்கள்.